கடித்தவரைத் தேடாதீர்கள்

பங்குனியில் தளவானூர்ப் பக்கம் மல்லாட்டை பிடுங்கும் பருவம். பிடுங்கிய செடியைக் குவித்துப் போட்டு, மர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஆய்ந்த அளவுக்குத்தான் கூலி, அதனால் கை நிற்காது. அந்த வட்டத்தில் ஒரு வருடம் என் சித்தியும் இருந்தார். மேலே முழுக்கைச் சட்டை. வயல் வேலைக்கு எல்லாப் பெண்களும் போடுகிற சட்டைதான். ஆனால் மற்றவர்கள் சோறு தின்ன உட்கார்ந்தபோது கழற்றிப் போட்டார்கள், சித்தி கழற்றவில்லை. கை கழுவச் சட்டைக் கையைச் சுருட்டியபோது தெரிந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தடிப்பு. நடுவில் வெளுத்து, ஓரம் சிவந்து, நாணய அகலத்தில் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. வளையல் அழுந்திய இடத்தில் வளையல் போலவே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் இருந்தவர் தன் தூக்குச் சட்டியை எடுத்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சாணைச் சித்தி கடைசிவரை மறக்கவில்லை.

மறுநாள் காலையில் கையில் ஒன்றுமே இல்லை. தோல் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "ராத்திரி முழுக்க அந்த ஆட்டம் ஆடின, எங்க இப்ப காட்டு பாப்போம்" என்றது வீடு. வேலைக்குப் போகாமல் இருக்கச் சாக்கு என்றது. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். நானும் நம்பவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இந்த நோய்க்கு நம் பக்கத்தில் காணாக்கடி என்று பேர். பித்தத் தடிப்பு என்றும் சொல்வார்கள். எது கடித்தது என்று கண்ணுக்குத் தெரியாத கடி. பெயரிலேயே கடி இருப்பதால், பெயரைக் கேட்டதும் கடித்ததைத் தேடத் தொடங்கிவிடுகிறோம். பாயை உதறுகிறோம், கூரையைப் பார்க்கிறோம், பூரான் என்கிறோம், பல்லி என்கிறோம். பூச்சி அகப்படவில்லை என்றால் தேடல் மனிதர் பக்கம் திரும்புகிறது. யார் கண் பட்டது? யார் வீட்டில் கை நனைத்தாய்? யார் என்ன செய்து வைத்தார்கள்? எங்கள் வீட்டில் பங்காளி வீட்டோடு இரண்டு வருடம் பேச்சு நின்றுபோனது இந்தக் கேள்வியால்தான். தடிப்பு போய்விட்டது. பேச்சு திரும்ப இன்னும் நாளானது.

கையெடுத்துக் கேட்கிறேன், கடித்தவரைத் தேடாதீர்கள். யாரும் கடிக்கவில்லை.

ஏரிக்கரை வேலியில் செந்தட்டி படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காஞ்சொறி என்பார்கள். அந்த இலை பட்டால் பட்ட இடம் தடித்து, எரிந்து, அரிக்கும். இதே குணமுள்ள ஒரு செடியின் லத்தீன் பெயரிலிருந்துதான் மருத்துவர்கள் இந்த நோய்க்கு அர்டிகேரியா என்று பெயர் எடுத்தார்கள். நம் காணாக்கடியைவிட இந்தப் பெயர் பொருத்தமானது என்பது என் எண்ணம். செந்தட்டி படாமலே செந்தட்டி பட்ட உடம்பு, அவ்வளவுதான். தோலுக்குள் மாஸ்ட் செல் என்று சில உயிரணுக்கள் இருக்கின்றன. ஹிஸ்டமின் என்கிற பொருளை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காவல் இருப்பவை. பூச்சி கடித்தால், உடம்புக்கு ஆகாதது உள்ளே போனால், மூட்டையை அவிழ்ப்பது அவற்றின் வேலை. அவிழ்த்ததும் இரத்தக் குழாயின் சுவர் நெகிழ்ந்து நீர் கசியும், தோல் எழும்பும், நரம்பு நுனி சீண்டப்பட்டு அரிப்பெடுக்கும். நாள்பட்ட காணாக்கடியில் கடி ஏதும் இல்லாமலே மூட்டை அவிழ்கிறது. பலரிடம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் மாஸ்ட் செல்களைத் தட்டி எழுப்பும்படி திரிந்துபோயிருக்கிறது. இவர்களில் தைராய்டுக் கோளாறு மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதும் இதையொட்டித்தான். ஆறு வாரத்துக்குமேல் வந்து வந்து போனால் அது நாள்பட்டது என்று கணக்கு. நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் உலகம் முழுக்க இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது.

இதில் ஒட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. கிருமி இல்லை, சீழ் இல்லை, ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்குப் போக எதுவும் இல்லை. தனித் தட்டு, தனிச் சோப்பு, தனிப் பாய் என்று ஒதுக்குகிறவர்கள் நோயை ஒதுக்கவில்லை, ஆளைத்தான் ஒதுக்குகிறார்கள். பிள்ளையைத் தூக்காதே என்று ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது, நம்புங்கள். ஒவ்வொரு தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் தடம் தெரியாமல் மறைவதுதான் இந்த நோயின் அடையாளம். ராத்திரி இருந்தது காலையில் இல்லை என்றால் அவர் சொன்னது பொய் என்று ஆகாது, நோய் இதுதான் என்றே ஆகும். சித்தியை முதன்முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன நாளில் விடியற்காலையில் கிளம்பி, பஸ் மாறி, சீட்டு போட்டு, வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பதினொரு மணி. கையை நீட்டினார். பளிச்சென்று இருந்தது. அவர் கண்ணில் நீர் வந்ததை அன்று பார்த்தேன். வலி என்று சொன்னால் நம்புகிற நாம் அரிப்பு என்று சொன்னால் ஏன் சிரிக்கிறோம்? இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து உட்கார்ந்து, தொடையையும் முதுகையும் இரத்தம் வரச் சொறிந்து, விடிந்ததும் களத்துக்குப் போகிற உடம்பு எத்தனை மாதம் தாங்கும்? தூக்கம் கெட்டவருக்கு மனம் கெடும், மனம் கெட்டால் தடிப்பு கூடும். "எல்லாம் உன் மனப்பிராந்தி" என்று சொல்கிறவர்கள் அந்தச் சுழலை வேகமாகச் சுற்றிவிடுகிறார்கள்.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. தடிப்பு எழும்பும்போதே படம் எடுத்து வையுங்கள். கூடவே, சுவரில் தொங்கும் காலண்டரில் தினமும் இரண்டு எண் எழுதச் சொல்லுங்கள். அரிப்பு இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, நடுத்தரம் என்றால் 2, தாங்கவில்லை என்றால் 3. தடிப்பும் அப்படியே: ஒன்றுமில்லை என்றால் 0, இருபதுக்குள் 1, ஐம்பது வரை 2, அதற்குமேல் 3. நாளைக்கு அதிகபட்சம் 6, வாரத்துக்கு 42. உலகெங்கும் தோல் மருத்துவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்கிறார்கள். படிக்காதவரும் எழுதலாம். தோல் மறைத்துவிடுவதைக் காலண்டர் காட்டும்.

இப்போது ஊசி. இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது, மறைக்கப் போவதில்லை. டவுனுக்குப் போனால் ஒரு கிளினிக், இடுப்பில் ஒரு ஊசி, பொட்டலத்தில் நான்கு மாத்திரை. அன்று இரவு அரிப்பு அடங்கிவிடும். கைராசிக்காரர் என்று பெயரும் கிடைத்துவிடும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தடிப்பு திரும்பும், திரும்ப ஊசி. அந்த ஊசியில் பெரும்பாலும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கும். பொட்டலத்தில் அதன் தம்பி இருக்கும். ஒரேயடியாக முகம் வீங்கித் தவிக்கும் நேரத்தில், நாலைந்து நாளைக்கு, மருத்துவர் யோசித்துக் கொடுப்பது வேறு. மாதக்கணக்கில் இதிலேயே ஓட்டினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், இரத்த அழுத்தம் ஏறும், எலும்பு உள்ளுக்குள் இற்றுப்போகும், கண்ணில் புரை விழும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டையும் சுரக்காமல் நிறுத்திவிடும். அதனால் நெடுநாள் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துப் பயந்து சட்டென்று நிறுத்தியும் விடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லச் சொல்லப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பேர் ஒட்டாத டப்பாவில் விற்கும் பொடியும் லேகியமும் இதே சங்கதிதான். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் குணம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்துக்கடையில் நிற்கும் தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. ஸ்டீராய்டு மாத்திரை சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று உனக்குத் தெரியும். "அந்த வெள்ளை மாத்திரையே கொடுப்பா, அதுதான் கேக்குது" என்று ஒரு பெண் வந்து நின்றால், கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நாலு ரூபாய் வியாபாரம் போகட்டும்.

சரியான மருந்து விலை குறைந்தது. ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்தைக் கண்டதற்காக டேனியல் போவே என்பவருக்கு 1957-இல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தூக்கம் அதிகம் வராத வகைகளும் வந்துவிட்டன. லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின், லோராடடின், பிலாஸ்டின் என்று பல பெயர்கள். தவறு நாம் அதைச் சாப்பிடும் முறையில் இருக்கிறது. அரித்தால் ஒன்று போடுகிறோம், அடங்கினால் விட்டுவிடுகிறோம். தடிப்பு எழும்பிய பிறகு போடும் மாத்திரை வெள்ளம் புகுந்த பிறகு கட்டும் கரை. மருத்துவர் சொன்ன காலம் முழுக்க, அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் தவறாமல் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு அடங்கவில்லை என்றால் இரண்டு, தேவைப்பட்டால் நான்கு மடங்கு வரை கூட்டலாம் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. கூட்டுவது மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும், நாமாகக் கூட்டக் கூடாது. "மாத்திரைக்கு அடிமையாகிவிடுவாய்" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அப்படி ஆக மாட்டார்கள். அவில், சி.பி.எம். என்று நாம் வழக்கமாக வாங்கும் பழைய வகைதான் தூக்கத்தில் தள்ளும். அதைப் போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டாதீர்கள், பைக் எடுக்காதீர்கள்.

நம் பக்கத்து ஜனங்களுக்கு முக்கியமான இன்னொன்று இருக்கிறது. நாற்று நட்டு வந்த அன்று, கரும்பு வெட்டி வந்த அன்று, உடம்பு வலிக்கு ஒரு மாத்திரை போட்டுப் படுப்பது வழக்கம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் காணாக்கடி உள்ள பலருக்குத் தடிப்பைத் தூண்டிவிடும். யார் வீட்டில் என்ன தின்றாள் என்று குடைகிற நாம், தலையணைக்குக் கீழே இருக்கும் அந்த அட்டையைக் கேட்பதில்லை. வலிக்கு வேறு என்ன எடுக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சோற்றில் கை வைப்பதையும் நிறுத்துங்கள். காணாக்கடி என்றதும் கத்தரிக்காய் போகும், கருவாடு போகும், முட்டை போகும், மல்லாட்டை போகும், மோர் போகும். கடைசியில் தட்டில் இருப்பது வெறும் ரசம் சோறு. சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள், ஒவ்வொரு தடவையும், அதே பொருளுக்கு வந்தால் அது உணவு ஒவ்வாமையாக இருக்கலாம், அதை விடத்தான் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில், தினம் தினம், தின்றாலும் தின்னாவிட்டாலும் வருகிற தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது மிக அபூர்வம். ஏற்கெனவே இரத்தச் சோகையில் இருக்கும் பெண்ணைப் பத்தியத்தில் போட்டு மேலும் வாட்டுகிறோம். குடும்பத்தில் எல்லோரும் தின்னும் குழம்பை அவருக்கும் ஊற்றுங்கள்.

கம்பளியால் தேய்ப்பதும் வேண்டாம். நல்ல மனதோடுதான் பாட்டிமார் செய்கிறார்கள். ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விளக்குமாற்றுக் குச்சியின் மழுங்கிய முனையால் முன்னங்கையில் மெதுவாக ஒரு கோடு இழுங்கள். சிலருக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் அந்தக் கோடு கயிறு மாதிரி தடித்து நிற்கும். சித்தியின் கையில் அப்படித்தான் நின்றது. அவருக்கு உள்பாவாடை நாடா இறுகிய இடுப்பிலும், கூடை சுமந்த தோளிலும் மட்டும் ஏன் அதிகம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. இப்படிப்பட்டவரைப் பிடித்துக் கம்பளியால் தேய்த்தால் என்ன ஆகும்? நாடாவைத் தளர்த்துங்கள். தளர்வான பருத்தித் துணி கொடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், சூடு தடிப்பைக் கூட்டும். நகத்தால் சொறிவதற்குப் பதில் ஈரத்துணியை மடித்து ஒத்தி எடுக்கட்டும். கேலமைன் லோஷன் தடவினால் கொஞ்ச நேரம் ஆறும்.

எங்கள் ஊர்ப் பாறையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் இருக்கிறது. தெற்குப் பார்த்த குடைவரை. சுற்றிலும் பாறை அனல் கக்கும் மத்தியானத்திலும் உள்ளே கல் குளிர்ந்து கிடக்கும். அரிப்பு தாங்காத நாட்களில் சித்தி யாரிடமும் சொல்லாமல் அங்கே போய், முன்னங்கை இரண்டையும் கல்லில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 1,400 வருடக் கல் அவருக்குக் கொடுத்த ஆறுதலை ஒரு ஈரத்துணியால் நாங்கள் வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் குளிர்ச்சி பட்டாலே தடிக்கும், அப்படிப்பட்டவருக்குக் குளிர்ந்த ஒத்தடம் கூடாது. அவர்கள் கிணற்றிலோ ஏரியிலோ குதித்துக் குளிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆபத்து என்றால் தாமதிக்கக் கூடாத ஆபத்தும் உண்டு. நாக்கோ தொண்டையோ வீங்குகிறது, குரல் கம்முகிறது, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றி விழுகிறார், தடிப்போடு வாந்தியும் வருகிறது என்றால், மந்திரிக்க ஓடாதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. இரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அரிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் வீங்கினால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். தடிப்பு ஒரு நாளைக்குமேல் ஒரே இடத்தில் நின்று, அரிப்பைவிட வலி கூடி, மறையும்போது கன்றியது போலத் தழும்பு விட்டால் அது வேறு நோய். அதைத் தோல் மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒமலிசுமாப் என்ற ஊசியை நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். விலை அதிகம். சைக்ளோஸ்போரின் என்ற மாத்திரையும் உண்டு, அதை இரத்தப் பரிசோதனையோடு கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வருடங்களில் இந்த நோய் தானாகவே ஓய்ந்துவிடுகிறது. அதுவரை அவர் தூங்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாலு பேரோடு உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும். மருந்து அதற்குத்தான்.

சித்திக்குச் சரியான மாத்திரை கிடைக்க ஏழு வருடம் ஆனது. தினமும் இரவு ஒன்று என்று எடுக்க ஆரம்பித்து மூன்றாவது வாரம், விடிந்தது தெரியாமல் தூங்கினார். அத்தனை வருடத்தில் அவர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஏழு வருடத்தை எடுத்துக்கொண்டது நோய் மட்டும் இல்லை. பூச்சியைத் தேடியும், ஆளைத் தேடியும், ஊசியைத் தேடியும் நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் இந்த வாரமே கிளம்புங்கள். செஞ்சி அரசு மருத்துவமனை இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. தோல் பிரிவு என்று கேட்டுப் போங்கள். போனில் படங்கள் இருக்கட்டும், காலண்டர் தாள் இருக்கட்டும், இதுவரை சாப்பிட்ட எல்லா மாத்திரையின் அட்டையும் ஒரு பையில் இருக்கட்டும். அவரைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் ஏறி, பஸ்ஸில் அவர் பக்கத்தில், ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் உட்காருங்கள்.